மொட்டைக்குச் சொன்ன காரணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் எனக்குக் கேன்சர் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். எழுபதைத் தாண்டிய என் அப்பாதான் கூட வருவார். இரண்டாவது தடவைக்குப் பிறகு தலைமுடி, மீசை எல்லாம் கொட்டிவிட்டது.

அன்றும் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கினோம். என் குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் வாங்க அப்பா கடையோரம் நின்றார். பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் எதிரே வந்தார். என் தலையையும் மேலுதட்டையும் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போ ஆச்சு? அப்பாவா, அம்மாவா?"

பெற்றவர் போனால் பிள்ளை மீசையையும் சேர்த்து மழித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவர் வேறென்ன நினைப்பார்? ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் வியாதியின் பேரைச் சொல்லி, அவர் முகம் மாறுவதைப் பார்க்கத் தெம்பில்லை.

"அப்பா" என்றேன்.

"மனசத் தேத்திக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பினால், பழப்பொட்டலத்தோடு அப்பா என் பின்னால் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தோம். மாடிப்படியில் அவர் என்னைக் கைத்தாங்கலாக ஏற்றினார். பாதியில் மூச்சு வாங்க நின்றபோது, "வாய் தவறி வந்துடுத்துப்பா" என்றேன்.

"யார் கேட்டாலும் இனிமே அதையே சொல்லு" என்றார். "முதல்ல போகவேண்டியவன் நான்தானேடா."