முந்திக்கொண்ட கம்ப்யூட்டர்

சத்தியமாக நடந்தது. மற்ற விஷயங்களில் நான் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வேன் என்று வீட்டில் எனக்கொரு பேர் உண்டு. இதில் வைக்கவில்லை. வைக்க இடமே இல்லை.

என் தங்கையின் கணவரை நாங்கள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். சின்னதாக ஒரு பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். விசிட்டிங் கார்டு, அழைப்பிதழ், இரங்கல் அறிவிப்பு. கடைக் கம்ப்யூட்டர் ஆமைக்கு அண்ணன். பொத்தானை அழுத்திவிட்டு முடிவெட்டிக்கொண்டு வந்தால் பாதிதான் எழுந்திருக்கும். முழுதாக எழுவதற்குள் வெட்டிய முடி வளர்ந்துவிடும்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுந்து உட்காரும் புரோகிராம்களின் வரிசையைத் திறந்தார். பாட்டு, அரட்டை, விளையாட்டு என்று ஒரு கல்யாணக் கூட்டமே இருந்தது. ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசியில் பெயரே இல்லாத ஒரு வெற்று வரி.

"நீ மட்டும் என்ன பெரிய மாப்பிள்ளையா?" என்று அதையும் நிறுத்தினார்.

மறுநாள் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. அதற்கு மறுநாள், அழுத்துவதற்கு முன்பே வந்தது. மூன்றாம் நாள் புதிதாக ஒரு பல் வைத்தியர் கடைக்கு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய கார்டு, போன் நம்பரோடு திரையில் தயாராக நின்றது.

"எப்படிங்க?"

"எல்லாம் அனுபவம்தான் டாக்டர்," என்று சிரித்தார் மாப்பிள்ளை.

அன்று மாலை நாலே முக்கால். கடையில் ஆள் இல்லை. திரையில் தானாக ஒரு கறுப்புக் கட்டம் விரிந்தது.

இரங்கல் அறிவிப்பு.

பெயர்... என் தங்கையின் பெயர்.

'இன்று மாலை 5.30 மணியளவில் காலமானார்.'

உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"எங்க இருக்க?"

"மாடியில. துணி எடுத்துட்டிருக்கேன்."

"இறங்கு. மெதுவா. கம்பியப் பிடிச்சுக்கிட்டு."

"என்னங்க, என்னைக்கும் இல்லாத அக்கறை? வெயில்ல நின்னீங்களா?"

கம்ப்யூட்டரைப் பழையபடி மந்தமாக்கிவிட்டால்? நிறுத்திய எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டார். அந்த வெற்று வரியைத் தேடினார்.

காணோம்.

பிளக்கைப் பிடுங்கினார்.

திரை அணையவில்லை.

டர்ர்... பிரிண்டர்.

டர்ர்...

ஒரு தாள். அதே அறிவிப்பு.

தாளைப் பறித்துக்கொண்டு மாப்பிள்ளை ஓடினார். பஸ்ஸையே முந்தினார். தங்கையை நாற்காலியில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

5.29...

5.30...

5.31.

"கைய விடுங்க, அடுப்புல பால் இருக்கு."

மாப்பிள்ளை அழுதேவிட்டார்.

மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் அரை நிமிடம்தான் பார்த்தார்.

"சார், இதோட கடிகாரம் சரியில்ல. தேதி முன்னால ஓடுது."

"எவ்வளவு முன்னால?"

மெக்கானிக் குனிந்தார். படக்! திரை செத்தது.

"சரியாப் பாக்கலியே சார்..."

அதற்குப் பிறகு அது எழவே இல்லை.

அந்தத் தாளில் தேதி கிடையாது. 'இன்று' என்று மட்டும்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் மாப்பிள்ளை தினமும் ஐந்துக்கே கடையைச் சாத்திவிட்டு வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொள்கிறார். அவளிடம் சொல்லவில்லை. "வயசான காலத்துல இவருக்குக் காதல் பொங்குது அண்ணா!" என்று போனில் சிரிக்கிறாள்.

நானும் சிரித்துவைக்கிறேன், கடிகாரத்தைப் பார்த்தபடி...