லால்பேட்டையில் விரித்த வானம்

2012 பிப்ரவரியில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வானத்தைச் சுருட்டிக் கட்டி, ஊர் ஊராக எடுத்துப்போய் விரித்துக் காட்டும் வேலை.

சிதம்பரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, கடலூர் செம்மண்டலத்தில் வீட்டோடு இருந்தேன். பள்ளிகளில் அறிவியல் நிகழ்ச்சி நடத்தும் சிறு குழு ஒன்று, அறிவியல் தினத்தை ஒட்டி ஒரு மாதத்துக்கு ஆள் தேடியது. நானும் என்னோடு படித்த தோழியும் சேர்ந்துகொண்டோம். எங்களை நம்பி அவர்கள் ஒப்படைத்தது ஒரு காற்றுக் கோளரங்கம். தடித்த துணியில் தைத்த பெரிய கூடாரம். விசிறி காற்றை ஊதிக்கொண்டே இருக்கும்வரை அரைக்கோளமாக உப்பி நிற்கும். உள்ளே நடுவில், பொடிப்பொடியாகத் துளையிட்ட உருளை ஒன்று. அதற்குள் இருக்கும் சின்ன பல்பைப் போட்டால் கூரை முழுக்க நட்சத்திரங்கள். இதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போக என் மாமா, அம்மாவின் தம்பி, தன் குட்டியானை வண்டியோடு வந்தார்.

லால்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போனோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, துணிக்குழாய் போன்ற வாசல் வழியாகத் தவழ்ந்து உள்ளே வந்தார்கள். நான் விளக்கை மெல்ல மெல்லக் குறைத்தேன். கண் இருட்டுக்குப் பழகப் பழக நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெளிய, அத்தனை பேரும் ஒரே மூச்சாக இழுத்துவிட்ட அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் நான் ஒவ்வொரு ஊருக்கும் போனேன்.

வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பு வாரைக் காட்டிக்கொண்டிருக்கும்போது விசிறியின் இரைச்சல் நின்றது. பல்பும் அணைந்தது. அந்த வருடத்து மின்வெட்டு எங்களையும் பிடித்துவிட்டது.

இருட்டில் ஒரு குரல் கேட்டது. "மிஸ், வானம் கீழ வருது."

"பயப்படாதீங்க, வெறும் துணிதான். எல்லாரும் படுத்துக்கிட்டு கையத் தூக்கிப் புடிங்க," என்றேன். துணி மெதுவாக இறங்கி எங்கள் உள்ளங்கைகளில் வந்து உட்கார்ந்தது. ஒருத்தி சிரித்தாள். அது பக்கத்தில் இருந்தவளைத் தொற்றி, கூடாரம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. என் தோழி வெளியிலிருந்து வாசலைத் தூக்கிப் பிடிக்க, ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள். தலைமையாசிரியை பதறி ஓடிவந்தார்.

"ஏம்மா, புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

பதிலைப் பிள்ளைகளே சொன்னார்கள். "இன்னொரு தடவ விழ வைங்க மிஸ்."

மூன்று மணிக்குத்தான் கரண்ட் வரும் என்றார்கள். மற்ற வகுப்புகள் வராந்தாவில் வரிசைகட்டி நின்றிருந்தன. அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது வண்டியில் ஒரு ஜெனரேட்டரோடு மைக்செட் கடைக்காரர் இருந்தார்.

"நாளைக்குக் கல்யாணத்துக்குப் போவ வேண்டியதாம். சாயங்காலம் வரைக்கும் ஓட்டிக்கச் சொல்றாரு," என்றார் மாமா.

ஜெனரேட்டர் உறும, வானம் மறுபடி எழுந்தது. வகுப்புக்குப் பின் வகுப்பாக வந்துகொண்டே இருந்தார்கள். என் தொண்டை கட்டியதும் தோழி பேசினாள், அவளுக்குக் கட்டியதும் நான் பேசினேன். பள்ளி விட்டு, பிள்ளைகளை அழைத்துப்போக அம்மாக்கள் வந்தார்கள். எந்தப் பிள்ளையும் கிளம்புகிற மாதிரி இல்லை. அம்மாக்களின் கையைப் பிடித்துக் கூடாரத்தின் பக்கம் இழுத்தார்கள். தலைமையாசிரியை என்னிடம் வந்தார்.

"இவுங்களுக்கும் ஒரு தடவ காட்ட முடியுமாம்மா? நானும் இன்னும் பாக்கல."

அந்தக் காட்சிக்குப் பெண்கள் மட்டும். கறுப்பு புர்காவைக் கையில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தவழ்வதற்கு வெட்கப்பட்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். விளக்கு குறைந்ததும் பேச்சு நின்றது. வடக்கே தாழ்வாகத் துருவ நட்சத்திரம், தெற்கே பளிச்சென்று அகத்தியர் நட்சத்திரம் என்று காட்டி முடித்தேன். மகளை மடியோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஒருவர் அவளுடைய அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

"டீச்சர், இவ அத்தா சவுதில இருக்காங்க. அங்க தெரியறதும் இதே வானந்தானா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். உருளையின் பக்கவாட்டில் ஒரு திருகு உண்டு. எந்த ஊர் வானம் வேண்டுமோ, அந்த ஊரின் அட்சரேகைக்கு உருளையைச் சாய்க்கலாம். எங்கள் ஊருக்கென்று ஒருமுறை முடுக்கியதோடு சரி, அதை நாங்கள் தொட்டதே இல்லை. இப்போது கை பரபரத்தது. தோழி டார்ச்சை விரலால் பொத்திக்கொண்டு வெளிச்சம் காட்ட, திருகைத் தளர்த்தி உருளையை மெதுவாகச் சாய்த்தேன்.

வானம் முழுவதும் நகர்ந்தது. வாசலுக்குச் சற்று மேலே தாழ்வாக நின்ற துருவ நட்சத்திரம் மேலே ஏறியது. தெற்கே அகத்தியர் சரிந்து இறங்கி, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றார்.

"இப்ப நாம சவுதில இருக்கோம்," என்றேன்.

ஒரு மூலையிலிருந்து, "விசா இல்லாமயா?" என்று ஒரு குரல் வந்தது. கூடாரமே குலுங்கியது. தலைமையாசிரியையின் சிரிப்புதான் ஜாஸ்தியாகக் கேட்டது.

கேள்வி கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒருவாட்டி நம்ம ஊருக்கு வந்துட்டுத் திரும்ப அங்க போங்க டீச்சர்," என்றார். வந்தேன், போனேன். அகத்தியர் ஏறுவதையும் இறங்குவதையும் அவர் விரலை நீட்டிப் பின்தொடர்ந்தார். வெளியே வந்ததும் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"அவுங்க எத்தினி மணிக்குப் பாக்கணும்?"

"எட்டு மணிக்குத் தெற்க பாக்கச் சொல்லுங்கக்கா. இங்க தென்னமர உசரத்துல தெரியும், அங்க அதுல பாதி உசரந்தான். ஆனா அங்க எட்டுன்னா இங்க பத்தரை."

"அந்த நேரக்கணக்கு எனக்குத் தெரியாதா? தினம் அதப் பாத்துத்தானே போனு பண்றேன்," என்று இப்போதுதான் சிரித்தார். என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

கடலூர் திரும்பும்வரை வண்டியின் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நானும் தோழியும் ஒரே நேரத்தில் பேசினோம். போன தொண்டை எங்கிருந்து திரும்பி வந்ததோ தெரியவில்லை. மாமா ஹாரனைக்கூட மறந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா போன் செய்தார்.

"டீச்சர், அவுங்க பாத்துட்டாங்க. அரபிங்க அத சுஹைல்னு சொல்லுவாங்களாம். பேரு கேட்டிருக்காங்க, எதுன்னுதான் தெரியாதாம். கூட தங்கியிருக்கறவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாம். எல்லாருக்கும் இவுங்கதான் சொல்லிக் குடுத்தாங்களாம், ஊர்ல எவ்ளோ உசரம், அங்க எவ்ளோ உசரம்னு." குரலில் பெருமை தாங்கவில்லை. "நான் சொன்னத அப்படியே சொல்லியிருக்காங்க."

அப்போது நாங்கள் கீரப்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தோம். கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோழியிடம் சொன்னேன். அவள் உடனே, "இன்னிக்கு இவுங்களயே கேப்போம், எந்த ஊருக்குப் போவணும்னு," என்றாள்.

கேட்டோம். ஒரு பையன் சிங்கப்பூர் என்றான், அவன் சித்தப்பா அங்கே இருக்கிறார். உருளையை எதிர்ப்பக்கம் சாய்த்தேன். துருவ நட்சத்திரம் தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியது. அடுத்து ஒருத்தி துபாய் என்றாள், இன்னொருத்தி டெல்லி என்றாள். பின்வரிசையில் மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்திருந்த மாமா, "வட துருவத்துக்குப் போம்மா," என்றார்.

போனோம். துருவ நட்சத்திரம் உச்சந்தலைக்கு மேல் வந்து நின்றது. எல்லோரும் மல்லாந்து படுத்துவிட்டார்கள். நான் உருளையைச் சுழற்றினேன். எதுவும் உதிக்கவில்லை, எதுவும் மறையவில்லை. அத்தனை நட்சத்திரங்களும் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"அங்க எதுவும் மறையவே மறையாதா மிஸ்?"

"மறையாது. சுத்திக்கிட்டே இருக்கும்."

"அப்ப இன்னும் வேகமா சுத்துங்க மிஸ்."

சுற்றினேன்.