ஏர்கோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே பிளக்

சிவமலர் டீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் குளிர்தான் ஞாபகம் வருகிறது. கிள்ளானில், வெளியே தார் உருகுகிற மத்தியானத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாடம் நடத்திய ஒரே ஆசிரியை அவர்தான்!

அவர் புவியியல் டீச்சர். அவருடைய அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. டீச்சர் தினமும் பண்டமாரானிலிருந்து பஸ் ஏறி வருவார். 1987-இல், யாரும் சொல்லாமலே, சனிக்கிழமைதோறும் கோலாலம்பூருக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தார். அடுத்த வருடம் எங்கள் இடைநிலைப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே அறையைக் குளிரவைக்க ஓர் ஏர்கோனும் வந்தது. சூடானால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்று ஹெட்மாஸ்டர் சண்முகரத்தினம் எங்கோ கேட்டிருந்தார். ஏர்கோன் ஓடாமல் கம்ப்யூட்டரைப் போடக்கூடாது என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கதவில் ஒட்டினார்.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட்.

ஏர்கோனைச் செருகினால் கம்ப்யூட்டருக்கு இடமில்லை. கம்ப்யூட்டரைச் செருகினால் ஏர்கோன் ஓடாது. ஏர்கோன் ஓடாவிட்டால் கம்ப்யூட்டரைப் போடக்கூடாது.

"சார், ஒரு ஒயர் இழுத்துக்கிட்டா போதும் சார்."

"தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது டீச்சர்? இன்னொரு பாயிண்டுக்கு லெட்டர் போட்டிருக்கேன்லா. வரும்."

இரண்டு வருடமாக வரவில்லை. ஏர்கோன் மட்டும் காலை ஏழரையிலிருந்து ஓடியது, போடாத கம்ப்யூட்டர் சூடாகிவிடக் கூடாதே என்று.

டீச்சர் விடவில்லை. கம்ப்யூட்டர் கிளப் ஒன்றைத் தொடங்கி, மணிலா அட்டை வாங்கி, ஆளுக்கொரு கீபோர்டு வரைந்து கொடுத்தார். எல்லாருக்கும் தெளிவாகத் தெரியட்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் பிஸ்கட் அளவுக்குப் பெரிதாக வரைந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கிளப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, வெல்வெட் துணி போர்த்திய கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்து, பல் நடுங்க அட்டையில் தட்டுவோம். செபாஸ்டியன்தான் ஸ்கிரீன். நாங்கள் தட்டியதை அவன் கரும்பலகையில் எழுத வேண்டும். தப்பாகத் தட்டினால் கையைக் கட்டிக்கொண்டு, "எரர்!" என்று கத்துவான்.

"டேய், மெஷின் அவ்ளோ கோவமா சொல்லாதுடா" என்பார் டீச்சர்.

எங்களில் டொரத்திதான் வேகம். கண்ணை மூடிக்கொண்டே தட்டுவாள்.

1990-இல் கடிதம் வந்தது. ஷா ஆலம் கல்வி இலாகாவிலிருந்து அதிகாரி வருகிறார். பயன்படுத்தாத கம்ப்யூட்டர் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

ஹெட்மாஸ்டருக்கு ஏக சந்தோஷம். "வந்து பாக்கட்டும்! ஒரு கீறல் இல்ல. பிளாஸ்டிக்கைக்கூட பிரிக்கல!"

"அதான் சார் பிரச்சினையே" என்றார் டீச்சர்.

எங்களிடம் வந்தபோது அவர் குரல் உடைந்திருந்தது. "ரெண்டு வருஷமா அட்டையிலேயே தட்டிட்டீங்க. ஒரு தடவையாச்சும் நெசத்துல தட்டணும். அப்புறம் எடுத்துட்டுப் போனா போகட்டும்."

அதிகாரி ஜெயராஜ் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். "ஆன் பண்ணுங்க டீச்சர்."

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு சார்" என்றார் ஹெட்மாஸ்டர், ஏர்கோனைக் காட்டி.

"அது இல்ல சார். கம்ப்யூட்டர்."

ஹெட்மாஸ்டர் பிளக் விஷயத்தை விளக்கினார். அதிகாரி கதவிலிருந்த நோட்டீஸை இரண்டு முறை படித்தார். அதற்குள் சிவமலர் டீச்சர் நேரே சுவரிடம் போய் ஏர்கோன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்!

அறையில் சத்தம் அடங்கியது. ஹெட்மாஸ்டர் ஒரு நிமிடம் நெஞ்சில் கை வைத்தார். அப்புறம் ஃபைலை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு விசிற ஆரம்பித்தார்.

டீச்சர் பிளக்கை மாற்றிச் செருக, கம்ப்யூட்டர் விழித்தது. டொரத்தி உட்கார்ந்து கண்ணை மூடிக் கையை வைத்தாள். இடது கை மேசையில் விழுந்தது. வலது கை ஹெட்மாஸ்டரின் வயிற்றில்.

"டீச்சர்! இது சின்னதா இருக்கு!"

பிஸ்கட் அளவு எழுத்து! இரண்டு வருடமாக எங்கள் விரல்கள் எல்லாம் அந்த அகலத்துக்குப் பழகியிருந்தன. டீச்சரின் முகம் வெளுத்துப் போனது. ஒரு நொடிதான்.

"அட்டைய எடு. மடியில வச்சிக்க. நீ தட்டு, எழுத்த சொல்லு. செபாஸ்டியன், நீ தேடி அமுக்கு."

டொரத்தி அட்டையில் பறந்தாள். செபாஸ்டியன் ஒற்றை விரலால், "பி எங்கடா?" என்று தேடித் தேடி அமுக்கினான். நாலு வரி புரோகிராமுக்குப் பத்து நிமிடம். ஹெட்மாஸ்டர் விசிறிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஏழாம் வாய்ப்பாடு ஸ்கிரீனில் மளமளவென்று இறங்கியது. பழக்க தோஷம், செபாஸ்டியன் ஓடிப்போய் அதைக் கரும்பலகையிலும் எழுதினான்! டீச்சர் அழுதார். நாங்களும்தான்.

அதிகாரி நெற்றி வேர்வையைத் துடைத்தார். "சார், இந்த ரூம்ல ரெண்டு வருஷமா ஓடினது எது?"

"ஏர்கோன் சார். ஒரு நாள்கூட நின்னதில்ல."

"பாடத்துக்கு இடைஞ்சலா இருந்தது எது?"

ஹெட்மாஸ்டர் விசிறுவதை நிறுத்தினார்.

"கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும். ஏர்கோன நான் எடுத்துக்கிறேன்."

"அப்ப என் நோட்டீஸு?"

"அதையும் சேத்துக் குடுங்க சார்."

மறுவாரம் லோரி வந்து ஏர்கோனை ஏற்றிக்கொண்டு ஜெஞ்சாரோம் பக்கம் போனது. சுவரில் சதுரமாக ஓர் ஓட்டை மிஞ்சியது. வெள்ளிக்கிழமை ஒருவர் தட்ட, மற்ற பதினொரு பேரும் மணிலா அட்டையால் விசிறினோம். டீச்சர் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வேர்த்து ஊற்ற, கீபோர்டின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"கொஞ்சம் விசிறாம இருங்கடா. தட்டுற சத்தம் கேக்கணும்."