நான் ஒத்துக்கொண்ட திருட்டு

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த இளம் வக்கீல் நான். வக்கீல் வைக்க வசதியில்லாத ஒருவரின் அப்பீலுக்கு என்னை இலவச வக்கீலாக நியமித்தார்கள். தேவதானம் பக்கத்து மாந்தோப்பில் காவல் இருந்தவர் அவர். தோப்பின் பம்புசெட் மோட்டாரைத் திருடியதாகக் கீழ்க்கோர்ட்டில் ஒரு வருடத் தண்டனை வாங்கி, மதுரைச் சிறையில் ஏழு மாதம் கழித்திருந்தார்.

இலவசக் கேஸ்தானே என்று எனக்கு இளக்காரம். மதுரைக்குப் போய் அவரைப் பார்க்கவில்லை. கேஸ் கட்டைக்கூட பஸ்ஸில் உட்கார்ந்து மேலாகப் புரட்டியதோடு சரி. கோர்ட்டில் எழுந்து, குற்றத்தைப் பற்றி வாதாடவில்லை, தண்டனையை மட்டும் குறைத்தால் போதும் என்றேன். உள்ளே இருந்த காலமே போதுமென்று நீதிபதி விட்டுவிட்டார். ஐந்து நிமிட வேலை. அன்று மதியம் சாப்பாட்டுக் கடையில் சக வக்கீல்களிடம் வெட்கமில்லாமல் பீற்றிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் என் ஆபீசைத் தேடி வந்தார். அன்றுதான் அவர் முகத்தையே பார்க்கிறேன். ஐம்பது வயதிருக்கும். தீர்ப்பு நகல் வேண்டும் என்றார். அதைக் காட்டினால் தோப்புக்காரர் மறுபடி காவலுக்குச் சேர்த்துக்கொள்வார், ஊரும் திருடன் என்று பேசாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"நான் எடுக்கலைன்னு சொன்னீகள்ல ஐயா?"

ஆமாம் என்றேன். கையிலிருந்த நகலைக் கொடுத்தேன். அது இங்கிலீஷில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது, தோப்புக்காரருக்கும் தெரியாது என்ற தைரியம்தான்.

மறுவாரம் திரும்பி வந்தார். தோப்புக்காரரின் மருமகன் படித்துச் சொல்லிவிட்டிருந்தார். நகலை என் மேஜைமேல் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"எடுத்தது நாந்தான்னு நீங்களே ஒத்துக்கிட்டீகளாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

கேஸ் கட்டை எடுத்து, அவர் முன்னாலேயே முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலத்துக்கும் கீழே, குறுக்கு விசாரணை இல்லை என்று எழுதியிருந்தது. கீழ்க்கோர்ட்டில் அவருக்கு வக்கீலே இல்லை. அரசு செலவில் ஒருவரைக் கேட்கலாம் என்று அவரிடம் யாரும் சொன்னதாகவும் தெரியவில்லை. அது அரசியல் சாசனம் தந்த உரிமை என்று சட்டக் கல்லூரியில் உருப்போட்டு மார்க் வாங்கியவன் நான். அந்த ஒன்றை வைத்தே தண்டனையை உடைக்கப் பார்த்திருக்கலாம்.

ஹைகோர்ட்டுக்குப் போகலாம், எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வேண்டாம் ஐயா. கீழ்க்கோர்ட்டுல எனக்கு வக்கீல் இல்ல. எடுக்கலைன்னு அங்க நானாவது சொன்னேன்."