அண்ணி உரித்த ஐந்து காட்டெலிகள்

என் அண்ணி அஞ்சலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் முன்பெல்லாம் எனக்கு வாய் வராது. நான் நாத்தனார். குறை கண்டுபிடிக்கத்தானே என்னைப் படைத்திருக்கிறான்! அவளோ என்னைவிட இரண்டு வயது இளையவள், கோழியின் கழுத்தைத் திருகக்கூடக் கண்ணை மூடிக்கொள்வாள். அவளைப் பார்த்து நான் வாயடைத்துப் போன கதை இது.

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம். மலாய் நாட்டில் காஜா பேராங் என்ற ஊரில் இருந்தோம். என் அண்ணன் அப்பாசாமி மாட்டுவண்டி ஓட்டியவர். மாடுகளைப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. வேலையில்லாத ஆம்பிளைகளைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. திங்கட்கிழமை பட்டியலில் அண்ணன் பெயர் வந்தது. வெள்ளிக்கிழமை லாரி.

பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து, தமிழ் வராத மீனாச்சி ஓடி வந்தாள். அவள் ஒரு ஜப்பான் டாக்டர் வீட்டில் சமையல் செய்தாள். அவர் ஆராய்ச்சிக்காக எலி, அணில் என்று பிடித்துத் தோலை உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி வைக்கிற ஆள். ஊரில் அவருக்கு எலி டாக்டர் என்றே பெயர். அவருக்குத் தோல் உரிக்க ஆள் வேண்டுமாம், அவர் முத்திரை குத்திய காகிதம் இருக்கிற வீட்டை லாரிக்காரன் தொடமாட்டானாம் என்று மலாயில் படபடவென்று சொன்னாள்.

அண்ணி போய், ஐயா என்பதற்கு மலாயில் சொல்கிற ‘துவான்’ என்று கூப்பிட்டு நின்றாள். நானும் கூடவே போனேன். டாக்டர் ஒரே ஒரு முறை செய்து காட்டினார். "வியாழக்கிழமைக்குள் கிழியாத தோல் ஐந்து. கொண்டு வந்தால் உன் புருஷன் என் ஆள்" என்றார் உடைந்த மலாயில்.

புக்கிட் காதில் பக்கத்து ரப்பர் காட்டில் அண்ணன் பொறி வைத்தார். வெள்ளை வயிற்றுக் காட்டெலிகள் விழுந்தன. முதல் எலி காதருகில் கிழிந்தது. இரண்டாவதின் வால் அறுந்தது. ஈரத்தை உறிஞ்ச மரவள்ளி மாவைத் தூவித் தூவி உரித்தாள். நமக்கே தின்ன மாவில்லை, எலிக்குப் பவுடர் போடுகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாவது எலியில் நான் பேச்சை நிறுத்தினேன். வயிற்றில் மெல்லிய கோடு போட்டாள். விரல் நுனியால் தள்ளத் தள்ள, குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் தோல் வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை! உள்ளே இருந்த உடம்பு முத்துப்போல் பளபளத்தது. காதுத் தோல் வழியாக என் விரல் ரேகை தெரிந்தது. உதட்டோரம்வரை உரித்து, மீசை மயிர் ஒன்றுகூட உதிராமல் எடுத்தாள்.

"பாரு சாரதா, படைச்சவன் எலிதானேன்னு ஏனோதானோன்னு செய்யல. எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கான்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

புதன்கிழமைக்குள் ஐந்து தோல் தேறியது. தோல் கெடாமலிருக்க டாக்டர் தந்த மருந்துப் பொடி மூன்றோடு தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் நாறுமே என்று, மீனுக்குத் தடவுகிற மாதிரி உப்பும் அரைத்த மஞ்சளும் உள்ளே பூசிப் பஞ்சடைத்தாள். காலையில் பார்த்தால் அந்த இரண்டுக்கும் வயிறு மஞ்சளாக ஊறியிருந்தது. கழுவினால் மயிர் கொட்டிவிடும். அப்படியே எடுத்துப் போனோம்.

திட்டுவார் என்று பார்த்தால், டாக்டர் அந்த இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி குதித்தார். புத்தகத்தைப் புரட்டினார், அளந்தார். "இது யாரும் பார்க்காத சாதி! நான் எழுதப் போகிறேன்!" அண்ணன் பெயரைக் காகிதத்தில் எழுதி, முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்துத் தூக்கினார்.

"துவான், கொஞ்சம் பொறுங்க" என்றாள் அண்ணி.

"அண்ணி, வாய மூடு! குடியக் கெடுத்துடாத!" என்று தமிழில் சீறினேன். அவள் கேட்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து, எலியின் வயிற்றில் தொட்டாள். மஞ்சள் மயிர் குங்குமச் சிவப்பாக மாறியது.

"சமையல் மஞ்சள், துவான். நான் பூசினது. இதோட வயிறு வெள்ளைதான்."

டாக்டர் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். புத்தகத்தை அறைந்து மூடினார். என் அண்ணன் செத்தான் என்றே நினைத்தேன்.

"நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காதே. ஏன் சொன்னாய்?"

"அதை முழுசா உரிச்சுப் பார்த்துட்டேன், துவான். அது மேல பொய் எழுத விட மனசு வரல."

அவர் அந்த இரண்டு எலியையும் மற்ற மூன்றோடு சேர்த்து வைத்தார். பிறகு காகிதத்தில் முத்திரையை அழுத்திக் குத்தி, இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து அவளிடம் நீட்டினார். ஜப்பான்காரன் என் அண்ணிக்குக் குனிந்தான், அம்மாடி!

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. காகிதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. எங்கள் வரிசையிலிருந்து பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அழுகுரல் ஓயவே இல்லை. லாரிச் சத்தம் அடங்கியதும் அண்ணன் வாசலிலேயே அண்ணியின் காலில் விழுந்தார்.

"ஐயையோ, என்னங்க இது, எழுந்திருங்க! சாரதா, நீயாவது சொல்லேன்!" என்று அவள் பதறினாள்.

"இருக்கட்டும் அண்ணி, விழட்டும்" என்றேன்.