தாளின் முதுகு

அந்த மாற்றுச் சான்றிதழைத் தொலைத்தவன் நான். பழியைச் சுமந்தவர் எங்கள் பள்ளியின் அட்டெண்டரம்மா. இதை வெளியே சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டுகளும் அந்தத் தாள் என் வீட்டுப் பரண்மேல், ஒரு பட்டுப்புடவை அட்டைப்பெட்டிக்குள், மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள். பின்பக்கம் வெறுமை.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். பின்னாளில் தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றேன். அட்டெண்டரம்மா எனக்கு இரண்டு வயது இளையவர். செவிலிமேட்டுப் பக்கம் காலனியில் வீடு. அவருடைய அப்பா காலம்வரை பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். முதன்முதலில் சம்பள வேலைக்கு வந்தவர் இவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையின் மடிப்பு, வார நாட்களில் கட்டும் சாயம்போன புடவையிலும் இருக்கும். எதையும் வீணாக்க மாட்டார். பிள்ளைகள் டிபன் பாக்ஸ் கழுவும் தண்ணீர் அவர் வெட்டிய வாய்க்கால் வழியே முருங்கைக்குப் போகும். கிழிந்த சீருடைத் துணி கரும்பலகை துடைக்க வரும். விரலுக்கு அடங்காமல் தேய்ந்த பென்சிலுக்குக் காகிதத்தைச் சுருட்டி வால் வைத்துக் கொடுப்பார்.

ஆனால் அவர் பெயர் பெற்றது தாள்களால்தான். அப்போது வினாத்தாள்களை ஒரு பக்கம் மட்டும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி எடுப்போம். தேர்வு முடிந்ததும் அட்டெண்டரம்மா வகுப்பு வகுப்பாகப் போய் அவற்றைச் சேர்ப்பார். பழைய சுற்றறிக்கைகள், வீணான விண்ணப்பங்கள் எல்லாம் சேரும். ஓரம் தட்டி, சரிபாதியாக வெட்டி, நாட்காட்டி அட்டையை மேலே வைத்து, குண்டூசியை விடச் சற்றே பெரிய ஊசியால் தைப்பார். அந்தக் கட்டுகள் நோட்டு வாங்க முடியாத பிள்ளைகளுக்கு. "பேப்பருக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்குது கணக்கு சார். யாரும் அத திரும்பிப் பாக்கறதில்ல" என்பார். ஒரு முறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சமூக அறிவியலில் எதிர்பாராத மதிப்பெண் எடுத்துவிட்டான். விசாரித்தால், அவன் கட்டின் மறுபக்கம் முழுவதும் போன ஆண்டு வினாத்தாளாம். பாதிக் கேள்விகள் அப்படியே வந்திருந்தன. ஆசிரியர் அறையில் அதற்கு 'அட்டெண்டரம்மா கைடு' என்று பெயர் வைத்துச் சிரித்தோம்.

தைக்கும் நூல் என் வீட்டிலிருந்து போனது. என் அண்ணன் தறிக்காரர். பாவு முடியும்போது மிஞ்சும் முழ நீளத் துண்டு நூல்களை வாங்கி வந்து கொடுப்பேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நிறம். ஏழைப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகள் காஞ்சிப் பட்டால் தைக்கப்பட்டவை. மதிய உணவுக்குப் பிறகு, மணி அடிக்கும்வரை, அவர் தைப்பார், நான் தாள்களை எண்ணி அடுக்கித் தருவேன். என்ன பேசினோம் என்று நினைவில்லை. ஊசி அட்டையைத் துளைக்கும் 'டப்' என்ற ஓசை நினைவிருக்கிறது. ஏழாண்டுகள் அந்த அரைமணி நேரம் எனக்குக் கிடைத்தது.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை என் பொறுப்பில் இருந்த ஓர் ஆண்டு, முசரவாக்கத்திலிருந்து சேர்ந்த பெண் ஒருத்தியின் மாற்றுச் சான்றிதழ் காணவில்லை. பதிவேட்டில் ஏற்றுவதற்காக ஒரு மழை நாளில் எல்லாச் சான்றிதழ்களையும் வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் திரும்பக் கொண்டுவந்திருந்தேன். ஒன்று குறைந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். எல்லாவற்றையும் அலுவலக மேசைமேல் வைத்ததாகவே நினைவு. தலைமையாசிரியர் கேட்டபோது அப்படித்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த யாரோ, "ஒரு பக்கம் காலியா இருந்தா அட்டெண்டரம்மா உடுமா? எடுத்துத் தச்சிருக்கும்" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "இருக்கலாம் சார்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பிள்ளைகளிடமிருந்த கட்டுகள் எல்லாம் காலை வழிபாட்டு மைதானத்தில் குவிக்கப்பட்டன. பிளேடால் நூலை அறுத்துத் தாள் தாளாகத் தேடினோம். நானும் அறுத்தேன். கிடைக்கவில்லை. குலைந்த தாள்களைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குவித்துக் கொளுத்தச் சொன்னார் தலைமையாசிரியர். தீக்குச்சியைக் கிழித்தவர் அட்டெண்டரம்மாதான். அது அவருடைய வேலையாயிற்றே. "நாம குடுத்த இடம்" என்று ஆசிரியர் அறையில் ஒரு குரல் சொன்னது. யாரும் மறுக்கவில்லை. அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்து, அலுவலகத்திலிருந்து கேட்டுக்கும் கழிப்பறைக்கும் மாற்றினார்கள். இனிமேல் எந்தத் தாளையும் தொடக்கூடாது என்பது உத்தரவு. அந்தப் பெண்ணின் அப்பா கேட்டில் நின்று அவரை ஏசிவிட்டு, நகல் சான்றிதழுக்காகப் பழைய பள்ளிக்கும் காவல் நிலையத்துக்குமாக நடந்தார்.

தாள்களைக் கொளுத்திய ஐந்தாம் நாள், அண்ணனிடம் திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு புடவைப் பெட்டியை எடுத்தேன். மழையில் நனையாமலிருக்க அன்று சான்றிதழ்களை அதில்தான் வைத்து எடுத்துவந்தேன். அடியில் விரித்திருந்த வெள்ளைத் தாளுக்குக் கீழே அந்தச் சான்றிதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் ஒரு காரணம். அதைவிட வெட்கக்கேடானது இன்னொன்று: அவர் பெயர் கெட்டதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை என்று என் மனத்தின் ஒரு மூலை சொன்னது, நான் அதை ஒப்புக்கொண்டேன். பெட்டியைப் பரணில் போட்டேன். மறுநாள் கேட்டருகே சைக்கிளை விட்டு இறங்கியபோது அட்டெண்டரம்மா எழுந்து நின்று, "வணக்கம் ஐயா" என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் என்னைக் 'கணக்கு சார்' என்று கூப்பிடவில்லை. மதிய மணிக்கு முந்தைய அந்த அரைமணி நேரம் என் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. நான் தலைமையாசிரியரான பிறகும் உத்தரவை மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே.

போன ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது பெட்டி கீழே வந்தது. எடுத்துக்கொண்டு நகரப் பேருந்தில் செவிலிமேடு போனேன். அட்டெண்டரம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கேயும் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போனது. ஆனால் வீட்டுக்குள் தினசரி நாட்காட்டித் தாள்கள், ஒரு வரிகூட எழுதப்படாமல், குப்பைக் கூடையில் கசங்கிக் கிடந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவர் பார்த்தார். "பேப்பர் மட்டும் தொடறதில்லைங்கய்யா" என்றார்.

பெட்டியைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"எனக்குத் தெரியும்யா. அன்னிக்கி நூலு இந்தப் பொட்டிலதான் எடுத்தாந்தீங்க. நூல நான் எடுத்துக்கினு, மழ வருதுன்னு பேப்பரெல்லாம் இதுல வெச்சி, நான்தான கட்டிக் குடுத்தேன்?"

நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நான் சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க சொன்னாதான் கேப்பாங்க. சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்." முறத்தை ஒருமுறை தட்டினார். "இப்ப எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? அங்க சொல்லுங்க."

அதன்படி, பழைய மாணவர்கள் பள்ளியில் கூடிய ஞாயிற்றுக்கிழமை அட்டெண்டரம்மாவையும் அழைக்கச் சொல்லி, ஒலிபெருக்கி முன் நின்று, சான்றிதழைக் கையில் பிடித்துச் சொன்னேன். முடித்ததும் கைதட்டினார்கள். நான் எதிர்பாராதது அது. என்ன பெருந்தன்மை என்று ஒருவர் வந்து என் காலைத் தொட்டார். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருந்த அட்டெண்டரம்மாவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பெயரை மீட்க வந்த இடத்தில் என் பெயரைப் பெரிதாக்கிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு பெண்மணி எழுந்து, மேடைப் பக்கம் வராமல் கதவை நோக்கி நடந்தார். முசரவாக்கத்துப் பெண்தான். "அன்னிக்கி எங்கப்பா உங்கள கேட்டாண்ட நிக்க வெச்சித் திட்டினாரும்மா. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அட்டெண்டரம்மா அப்போதுதான் அழுதார். நான் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டியபோது அந்தப் பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நகலை வைத்தே எல்லாம் முடிந்துபோயிற்று என்று அட்டெண்டரம்மாவின் மடியில் வைத்தார்.

அதன்பிறகு நான் வீட்டில் ஒரு பக்கத் தாள்களைச் சேர்க்கத் தொடங்கினேன். மருத்துவமனைச் சீட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், பேரனின் பயிற்சித் தாள்கள். அண்ணன் மகன் தறியிலிருந்து அரக்கு நூல் வாங்கி, நானே ஒரு கட்டுத் தைத்து, செவிலிமேட்டுக்கு எடுத்துப்போனேன். அட்டெண்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்கு போட்டுத் தச்சீங்களாய்யா? வண்டி மாடு மூத்திரம் போன மாதிரி கோணலா இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். 'கணக்கு' வரையில் வந்தார், 'சார்' வரவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை.

நூலைப் பிரித்தார். தாள்களைத் தரையில் தட்டி ஒழுங்கு செய்தார். உள்ளே போய், சட்டமிடாமல் சுவரில் சாய்த்து வைத்திருந்த அந்தச் சான்றிதழை எடுத்துவந்து, சரிபாதியாக வெட்டாமல் முழுசாக மடித்து, கட்டின் கடைசித் தாளாக வைத்தார்.

"அன்னிக்கி எடுக்காதத இன்னிக்கி எடுத்துக்கறேன். யாராவது கேட்டா இந்த வாட்டி நீங்க சொல்லுங்கய்யா."

ஊசி அட்டையைத் துளைத்தது. 'டப்'.

கட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். இதை அதில்தான் எழுதிக்கொண்டு வந்தேன். மற்ற தாள்கள் தீர்ந்து, இப்போது கடைசித் தாளின் வெற்றுப் பக்கத்தில் இருக்கிறேன். மறுபக்கத்து எழுத்துகள் தலைகீழாக லேசாகத் தெரிகின்றன. இன்னும் நாலு விரல் இடம் மிச்சமிருக்கிறது. அதை அப்படியே விட்டு நாளைக்கு எடுத்துப்போகிறேன். அவர் ஏதாவது எழுதினால் எழுதட்டும்.