திருமூர்த்தியின் ஒரே ஓட்டு

திருமூர்த்தியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று என் கணவர் ஸ்ரீநிவாஸ் கேட்டார். இல்லைதான். ஆனால் நடந்தது முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அரைகுறை.

ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டைக்காரர். ஐம்பது வயது, கட்டை உருவம், கணீரென்ற குரல். டெக்சஸில், இர்விங்கில், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருந்தார். லாஸ் கொலினாஸில் ஆபீஸ். வீடுகளுக்கு மின்சாரம் விற்கிற கம்பெனிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிற வேலை. மனைவி தனபாக்கியம் அதிகம் பேச மாட்டாள். பேச இடம் கிடைத்தால்தானே! ஒரே பெண் சண்முகப்ரியா இங்கேயே பிறந்தவள். பத்து வருஷம் வரிசையில் நின்று 2019இல் கிரீன் கார்டு வாங்கியவர்கள். அதற்கப்புறம் மனுஷனுக்கு ஒரே ஆசைதான். ஐந்து வருஷம் முடிந்ததும் சிட்டிசன் ஆக வேண்டும், ஓட்டுப் போட வேண்டும். பெண்ணை டாக்டராக்க வேண்டும், ஊரில் மாடி வீடு கட்ட வேண்டும் என்று உருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுக்காக உருகியவர் என்று அவர் ஒருத்தரைத்தான் பார்த்தேன்.

காரணம் அவருடைய வாய். 2021 பிப்ரவரியில் டெக்சஸே உறைந்து போனது நினைவிருக்கும். எங்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. குழாய் வெடித்து ஹாலெல்லாம் தண்ணீர். அவர் வீட்டு லைன் ஏதோ ஆஸ்பத்திரி லைனோடு சேர்ந்ததாம், விளக்கு அணையவே இல்லை. பனியில் வழுக்கி வழுக்கிக் காரை ஓட்டிக்கொண்டு அவரே வந்து எங்களைக் கூட்டிப் போனார். தங்கள் படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பமாக ஹாலில் படுத்தார்கள். தனபாக்கியம் மூன்று வேளையும் சுடச்சுட அரிசிம்பருப்புச் சோறு போட்டாள். நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். ஒருத்தர் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டால் அவர் பேச்சை மூன்று வருஷம் கேட்டாக வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாமல் போயிற்று.

அந்த மூன்று நாளில் ஆரம்பித்ததுதான். டெக்சஸ் ஏன் பக்கத்து மாநிலங்களோடு கம்பி இணைக்காமல் தனியாக நிற்கிறது, அதில் யாருக்கு லாபம், காற்றாலைமேல் பழி போட்டவர்கள் கேஸ் குழாய் உறைந்ததை ஏன் பேசவில்லை. அப்புறம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற ஒவ்வொரு சனிக்கிழமை பாட்லக்கிலும் இதே கச்சேரி. நாங்கள் ஏழு குடும்பம். தட்டோடு உட்கார்ந்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

"ஏனுங், ரெண்டு கட்சிக்காரனும் பெட்ரோல் வெலையத்தான் பேசறானுங்க. கரண்ட் வெலைய எவனாச்சும் பேசறானுங்ளா? ஊருக்கு வெளிய டேட்டா சென்டரா கட்டிட்டு வாரானுங்க. அது தின்ற கரண்டுக்கு நீங்களும் நானும்தானுங் பில் கட்டோணும். எழுதி வெச்சுக்கோங்க!"

என் ரசம் ஆறும். பையன் அனிருத் மெதுவாக எழுந்து மாடிக்குப் போய்விடுவான். இறக்குமதி வரி போட்டால் சோனா மசூரி மூட்டை என்ன விலை ஆகும் என்று வேறு கணக்குச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அவர் பேசியதால் இல்லை. பேசியது நடந்தது! பில் ஏறியது, அரிசி ஏறியது. உளறுகிறவனைச் சகித்துக்கொள்ளலாம், சரியாகச் சொல்கிறவனை எப்படிச் சகிப்பது?

2023இல் ஒரு வாக்கெடுப்பு வந்தது. கேஸில் ஓடும் மின்நிலையங்கள் கட்டுகிறவர்களுக்கு மாநிலம் கடன் கொடுக்கலாமா, கூடாதா. எங்களில் பாதிப் பேருக்கு அப்படியொன்று வருவதே தெரியாது. திருமூர்த்திக்குத் தூக்கம் போய்விட்டது. கூடாது, கொழுத்தவனுக்கே கொழுப்பு வைப்பது என்று வீடு வீடாகப் போன் பண்ணினார். ஒரு சனிக்கிழமை என் வீட்டு ஹாலில் நின்று என்னையே கை நீட்டிக் கேட்டார், "அக்கா, சிட்டிசன் ஆகிப் பத்து வருசமாச்சு, ஒருக்காவாச்சும் ஓட்டுப் போட்டீங்ளா?"

போட்டதில்லை. எட்டுப் பேர் முன்னால் கேட்டால் எனக்குக் கோபம் வராதா?

"இவ்வளவு தெரிஞ்சு என்ன பிரயோஜனம் மூர்த்தி? ஓட்டு என்கிட்டன்னா இருக்கு! எங்காத்து அனிருத்துக்குக் கூட இருக்கு. கரண்ட் பில் யார் கட்டறான்னே தெரியாத பிள்ளை. உங்களுக்கு இல்லையே, என்ன பண்றது?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் செத்துப்போயிற்று. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் பாதித் தட்டில் எழுந்து போனார். எனக்கு மூன்று வருஷத்துக் கடுப்பு இறங்கிய மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் இந்தியன் கடை வாசலில் ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக நின்றிருக்கிறாள். ஓட்டர் லிஸ்டில் பெயர் சேர்க்கிறவள். திருமூர்த்தி மாட்டினார். அவள் டிரைவிங் லைசென்ஸை வாங்கினாள், எல்லாவற்றையும் அவளே நிரப்பினாள், கட்டங்களை அவளே டிக் பண்ணினாள், கையெழுத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டினாள். இவர் போட்டுவிட்டார். முதல் கட்டமே நீ சிட்டிசனா என்பதுதான். படித்தாரா என்றால் இல்லை. விசாவில் வந்த எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. பத்து பதினைந்து வருஷம் வக்கீல் அனுப்புகிற தாளில் மஞ்சள் ஒட்டுத்தாள் எங்கே இருக்கிறதோ அங்கே கையெழுத்துப் போட்டே பழகியவர்கள் நாங்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எவன் பார்த்தான்!

தபாலில் ஓட்டர் கார்டு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாட்லக்குக்கு வந்தார்.

"அக்கா, இந்தாங்க பாருங். கிரீன் கார்டு இருந்தாவே போதுமாமுங். இத்தன நாளு தெரியாம இருந்துட்டனுங்."

அங்கிருந்த நான்கு பேர் சிட்டிசன்கள். சிட்டிசனைத் தவிர யாரும் ஓட்டுப் போடக் கூடாது, போட்டால் கிரீன் கார்டே பறிபோகும் என்று நான்கு பேருக்கும் தெரியும். ஸ்ரீநிவாஸ் வாயைத் திறந்தார். நான் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"கங்கிராட்ஸ் மூர்த்தி! எப்போ போடப் போறேள்? நானும் வரேன்" என்றேன்.

என் கணக்கு இதுதான். போலிங் பூத்தில் அவரைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் நான் கேட்டது. ஸ்ரீநிவாஸை விட்டால் மற்ற இரண்டு பேருக்கும் அதே ஆசைதான் என்பது வாயை மூடிக்கொண்டு இருந்ததிலேயே தெரிந்தது.

லைப்ரரியில்தான் பூத். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். என் காரில்தான் போனோம். வாசலில் ஒரு நிமிஷம் நின்று கையைத் துடைத்துக்கொண்டார். மேஜையில் இருந்த அம்மாள் லைசென்ஸைப் பார்த்தாள், பெயரைத் தேடினாள், சீட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டாள்! எனக்கே திக்கென்றது. அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம், பத்தடிதான் தூரம். நான் என் சீட்டை வாங்கிக்கொண்டு என் மெஷினுக்குப் போனேன். என் வாழ்க்கையின் முதல் ஓட்டும் அன்றைக்குத்தான். எதற்குப் போட்டேன் என்று சத்தியமாக நினைவில்லை. வெளியே வந்தபோது அவர் கண்ணில் தண்ணீர். "இருபது வருசமா வரி கட்டறனுங்க்கா. இன்னைக்குத்தான் மனுசனா மதிச்சுக் கேட்டானுங்க" என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அந்த வாக்கெடுப்பில் அவர் பக்கம் பலமாகத் தோற்றது. அதற்கும் ஒரு மாதம் பேசினார்.

மறு வருஷக் கடைசியில் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பம். அனுப்புவதற்கு முன்னால் லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்தார்கள், அவரும் தனபாக்கியமும். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய ஃபார்மை நான்தான் சரிபார்த்திருக்கிறேன். எப்போதாவது ஓட்டுப் போட்டிருக்கிறாயா என்று ஒரு கேள்வி வரும். அதில் ஆமாம் என்று டிக் பண்ணியிருந்தார். பெருமையாக!

என் விரல் அந்த இடத்தில் நின்றது. சொன்னால் என்ன ஆகும்? முதல் கேள்வியே "அப்ப நீங்களும்தான கூட வந்தீங்க, ஏன் சொல்லலை" என்றுதான் வரும். தனபாக்கியம் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. அனுப்புங்கோ" என்றேன்.

அதற்கப்புறம் நூறு கேள்வி மனப்பாடம். இன்டர்வியூவில் அதிலிருந்துதான் கேட்பார்கள். ப்ரியா ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அட்டை அட்டையாகக் காட்டி அப்பாவைக் கேட்பாள். ஒரு நாள் எனக்குப் போன் வந்தது. குரலில் கணீர் இல்லை.

"அக்கா, சிட்டிசனுக்கு மட்டும் உள்ள உரிமை ஒண்ணு சொல்லுன்னு கேள்வி. ஃபெடரல் எலெக்ஷன்ல ஓட்டுப் போடறதுன்னு பதில் போட்டிருக்குதுங். நான் போட்டது ஸ்டேட் எலெக்ஷன்தானுங்க்கா? பிரச்சனை ஒண்ணுமில்லீங்ல்ல? ஒரு வக்கீல பாத்துப்போட்டு வரட்டுங்ளா?"

வக்கீலைப் பார்த்திருந்தால், இன்டர்வியூவுக்கு முன்னால் ஏதாவது வழி சொல்லியிருப்பார். வக்கீலும் என்னைப் பற்றிக் கேட்பார்.

"சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்கோ. வக்கீலுக்கு எதுக்குத் தண்டம்?" என்றேன்.

இன்டர்வியூவில் அதிகாரி அந்தக் கேள்விக்கு வந்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்த வாக்கெடுப்பு, ஏன் எதிர்த்துப் போட்டார், கேஸ் கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று கால் மணி நேரம் விளக்கியிருக்கிறார். அதிகாரி எல்லாவற்றையும் டைப் பண்ணிக்கொண்டு, கடைசியில் இங்கே கையெழுத்துப் போடு என்றாராம்.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. சிட்டிசன்ஷிப் மறுப்பு. கூடவே, உன்னை ஏன் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது என்று டாலஸ் குடியேற்ற கோர்ட்டில் வந்து பதில் சொல்ல நோட்டீஸ். எங்கள் பாட்லக்கில் அவர் இல்லாமலே அவரைப் பற்றி இரண்டு வாரம் பேசினோம். திருட்டு ஓட்டுப் போடுகிறவனைப் பிளேனில் ஏற்ற வேண்டும் என்று அவரே ஒரு தடவை சொன்னதை ஒருவர் நடித்துக் காட்டினார். நானும்தான் சிரித்தேன்.

அவருடைய வக்கீல் ஒரு வழி சொன்னாராம். உரிமை இருப்பதாக நம்பித்தான் போட்டார் என்று, கூட இருந்தவர் யாராவது எழுதிக் கொடுத்தால் நீதிபதி கொஞ்சம் யோசிக்கலாம். தனபாக்கியம் தனியாக வந்து கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானுங்க்கா கூடப் போனீங்க. நாலு வரி எழுதிக் குடுத்தாப் போதுமுங். ப்ரியாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்குதுங்."

அனிருத்தைக் கேட்டேன். "டோன்ட் சைன் எனிதிங், மா" என்றான். எழுதினால், அவருக்கு உரிமை இல்லை என்று உனக்குத் தெரியுமா என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு உடம்பு சரியில்லை, கோர்ட்டு கீர்ட்டெல்லாம் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலம் திருமூர்த்தியே போன் பண்ணி, "தப்பா நெனைக்காதீங்க்கா, அவ வெவரமில்லாம வந்து கேட்டுட்டா. உங்களுக்கு எதுக்குங் தொந்தரவு?" என்றார்.

வக்கீல் செலவு தாங்கவில்லை. போராடித் தோற்றால் இனி நுழையவே முடியாது, தானாகப் போனால் மரியாதையாவது மிச்சம் என்று ஒத்துக்கொண்டார். வேலை போயிற்று. தனபாக்கியமும் ப்ரியாவும் படிப்பு முடியும்வரை இங்கே, இர்விங்கில் ஒரு அபார்ட்மென்டில். அவர் மட்டும் ஊருக்கு. திரும்பி வர வழி இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பகலில், போகாவிட்டால் நன்றாக இருக்காதே என்று நானும் ஸ்ரீநிவாஸும் போனோம். வீடு காலி. பெட்டிகள் நடுவே பாயில் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். அரசியல் ஒரு வார்த்தை பேசவில்லை. தனபாக்கியம் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

"எவனுக்குமே தெரியல பாருங்க்கா, போடக் கூடாதுன்னு" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்க."

"பின்னே? சொல்லாம இருப்பேனா!" என்றேன்.

அவர் தலையாட்டினார். சுவரோரம் நின்றிருந்த ப்ரியா போனிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஆன்ட்டி, யூ டுக் தட் டெஸ்ட் டூ. சேம் கொஸ்டின்ஸ். யூ ந்யூ. உங்களுக்குத் தெரியும்."

திருமூர்த்திக்கு வந்ததே கோபம்! கடித்துக் குதறுகிற மாதிரி எழுந்தார். அவர் அந்தப் பெண்ணை அதட்டி நான் பார்த்ததே இல்லை.

"ஏய்! ஆன்ட்டிகிட்ட என்ன பேச்சு பேசற? அவங்க நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க தெரியுமா? மொதல்ல சாரி சொல்லு!"

அவள் சொல்லவில்லை. அவர் மறுபடியும் கத்தினார். நாளைக்கு ஊருக்குப் போகிற அப்பா. அவளுக்குக் கண் நிறைந்தது.

"சாரி, ஆன்ட்டி" என்றாள்.

"பரவாயில்லடா கண்ணா, கொழந்தைதானே" என்று நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.